இடது பக்கம் நின்றவள்

பதினோராவது செருப்புப் பெட்டியையும் படக்காரர் கட்டிலில் கவிழ்த்தார். பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே சிரிப்பவர்கள், குடை பறந்துபோனதற்குச் சிரிப்பவர்கள், மிச்சமிருக்கும் ஒற்றைப் பல்லால் முப்பத்திரண்டுக்கும் சேர்த்துச் சிரிக்கும் கிழவர். முப்பது வருட ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத்தெருவாக அவர் எடுத்த படங்கள். அந்தப் பெட்டிகளுக்குள் சிரிக்காத ஆள் ஒருவர் உண்டென்றால், அவர் இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம்.

கூடத்தில் கிடத்தியிருந்த மனைவியின் முகம் மட்டும் எதிலும் இல்லை.

"ஒண்ணு கூடவாப்பா இல்ல? பதினோரு மணிக்கு வண்டி வந்துடும்." மகள் காலி பிரேமைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்கம்மா சிரிச்சாத்தானே எடுக்கறதுக்கு?"

கணக்கு டீச்சர். அவள் முறைத்தால் சுவர்க் கடிகாரமே பயந்து நேரத்தைத் திருத்திக்கொள்ளும். படமெடுக்கப் போனால் லென்ஸ் பையை மாட்டிக்கொண்டு அவருக்கு இடது பக்கம் வந்து நிற்பாள். அவர் இடது கண்ணை இறுக மூடி, வலது கண்ணைக் கேமராவில் ஒட்டிக்கொள்வார். "சீக்கிரம் எடுங்க, வெயில்" என்பாள். அவ்வளவுதான் அவளுக்கும் அவர் கலைக்கும் சம்பந்தம்.

மகள் நாலைந்து படங்களை ஜன்னலோரம் வரிசையாக வைத்தாள்.

"அப்பா, இவங்க எல்லாம் எங்க பாக்கறாங்க?"

"எங்கயும் இல்லம்மா. கேமரா இருக்கறதே தெரியாம அவங்க பாட்டுக்குச் சிரிப்பாங்க. அதான் என் சாமர்த்தியம்."

"எல்லாரும் ஒரே பக்கமாவா?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அது மூக்கிலேயே இருந்தது.

துக்கம் விசாரிக்க வந்த தெருமுனைச் சாவிக்காரர் வாசற்படியில் தயங்கி நின்றார். மகள் ஒரு படத்தை நீட்டினாள். "இது நீங்கதானே?"

"நாந்தாம்மா. டீச்சரம்மா பண்ற கூத்துக்கு எவன் சிரிக்காம இருப்பான்? பையத் தலையில கவுத்துக்கிட்டு, கன்னத்த ஊதி, சார் மாதிரியே ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு... சார் திரும்பினா கப்சிப்!" சொல்லிவிட்டுப் படக்காரரைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும், தெரியும்."

படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு அவரே கேட்டார். "எந்தக் கண்ண மூடுவா?"

சாவிக்காரர் யோசித்தார். "ஞாபகமில்லையே சார்."

வெளியே வண்டி ஹாரன் அடித்தது. படக்காரர் ஒற்றைப் பல் கிழவரை எடுத்து பிரேமில் செருகினார். கூடத்தில் மனைவியின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு அதன்மேல் வைத்தார்.

"அண்ணே, யாரு இது?" அவருடைய தங்கை பதறினாள். "அண்ணி படம் வெக்கிற எடத்துல யாரோ ஒரு கெழவரை..."

அவர் ஸ்டூலைச் சற்று நகர்த்தினார். போதவில்லை. குனிந்தார். பழக்கத்தில் இடது கண் மூடிக்கொண்டது. அதைத் திறந்தார். பிரேமை இன்னும் ஒரு விரற்கடை திருப்பினார்.

கிழவரின் பார்வை இப்போது நேராக அவள் முகத்தில் விழுந்தது.