ஓசையில்லாத மேசை

பாம்புக்காது என்ற பட்டத்தை அவருக்குக் கொடுத்தது சீட்டாட்ட மன்றம்தான். போக்கர் போட்டியில் எதிரில் இருப்பவர் மூச்சை இழுத்துப் பிடித்தாலும், "ம், ஆடுங்க" என்று சொல்லும் குரல் நூலிழை தடித்தாலும், காயின்களை விரலால் உருட்டும் சத்தம் சட்டென்று நின்றாலும் அவருக்குத் தெரிந்துவிடும். கையில் இருப்பது நல்ல சீட்டா, வெறும் வாய்ப்பந்தலா என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். தோற்றவர்கள் வயிற்றெரிச்சலில் வைத்த பெயர் நாளடைவில் மரியாதைப் பெயராகிவிட்டது.

அந்தக் காதைத்தான் ஒரு காய்ச்சல் கொண்டுபோனது. இடது காது முழுக்கப் போயிற்று. வலது காதில் மாட்டிய கருவி வழியாகக் கேட்டால், எல்லாரும் தலையணைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. வேலை பார்த்த அச்சகத்தில், தாள் மடிக்கும் இயந்திரத்திலிருந்து அவரை எடுத்து, பிழை பார்க்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். மன்றம் இருந்த தெருப்பக்கம் அவர் தலைவைத்தும் படுக்கவில்லை.

மூன்றாவது வருஷம், ஒரு சனிக்கிழமை காலையில், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே மனைவியிடம் சொன்னார்.

"நான் போட்டிக்குத் திரும்பப் போறேன்."

தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது. மனைவி கால்நடை மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். குரைக்கிற நாய்க்கும் அழுகிற எஜமானருக்கும் நடுவில் நிதானமாகப் பேசிப் பழகியவள். தன் உதட்டசைவை அவர் படிக்கத் தோதாக நேராக வந்து நின்றாள்.

"தாராளமாப் போங்க. ஆனா படிச்சிட்டுப் போங்க. சும்மா போயி மூக்கறுபட்டு வந்து, எம்மேல எரிஞ்சு விழக் கூடாது."

நியாயமான பேச்சு. ஆண்டுப் போட்டிக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. படித்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு கட்டினார். எதைப் படிப்பது என்பதில்தான் வந்தது வினை.

முதலில் பிரபலமான பயிற்சியாளர் ஒருவரின் காணொளிப் பாடங்களில் சேர்ந்தார். பேசுவது கேட்காது என்பதால் கீழே ஓடும் எழுத்துகளை நம்பினார். அந்த எழுத்துகளோ, 'ரிவர்' என்னும் கடைசிச் சீட்டை 'டிரைவர்' என்றன. பந்தயக் குவியலான 'பாட்' என்பதைப் 'பாட்டு' என்றன. கையில் ஒன்றுமில்லாமல் மிரட்டிப் பார்க்கும் 'பிளஃப்' பாவம், 'பல்பு' ஆகிவிட்டது. 'டிரைவர் வந்ததும் பாட்டு முழுவதற்கும் பல்பு போடுங்கள்' என்று படித்துவிட்டு அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதிமன்றத்தில் தட்டச்சராக இருக்கும் அக்கா உதவிக்கு வந்தாள். வக்கீல்கள் மூச்சுவிடாமல் பேசுவதையே ஒரு சொல் சிந்தாமல் அடிக்கிறவள். இரண்டு பாடங்களைக் கேட்டுத் தட்டச்சு செய்து நீட்டினாள். மொத்தமே அரைப் பக்கம்தான் இருந்தது.

"இவ்வளவுதானா?"

"டேய் தம்பி, இந்த ஆளு பாதி நேரம் தன்னோட பெருமையைப் பேசுறான். மீதிப் பாதியில அடுத்த பாடத்துல என்ன சொல்லப் போறேன்னு சொல்றான். நடுவுல தப்பித் தவறி வாயிலேர்ந்து விழுந்தது இதுதான்."

அடுத்தது கணினி நிரல். ஆட்டத்தின் நிலைமையைக் கொடுத்தால் சரியான விடையைக் கணக்கிட்டுச் சொல்லும். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, ஒரே ஒரு கையை, அதாவது ஒரு சுற்று ஆட்டத்தை, உள்ளிட்டார். இந்தச் சீட்டுகளோடு நூற்றுக்கு முப்பத்தேழு முறை பந்தயத்தை உயர்த்து, மீதி முறை சீட்டைக் கீழே போட்டு விலகிவிடு என்று விடை வந்தது. ஏன் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. "சாமியார் குறி சொன்ன மாதிரி இருக்கு" என்று மூடி வைத்தார்.

பிறகுதான் அந்தப் புத்தகம் கையில் கிடைத்தது. முகத்தைப் பார்த்து மனதைப் படிப்பது எப்படி என்று படங்களோடு விளக்கும் தடித்த புத்தகம். காது போனால் என்ன, கண் இருக்கிறதே! பசித்தவன் சோற்றைப் பார்த்தது போல அதில் விழுந்தார். அச்சகத்தில், பேருந்தில், வீட்டில், கண்ட முகத்தையெல்லாம் உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள் மனைவி கரண்டியோடு திரும்பினாள்.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?"

"உன் இடது கண்ணு துடிக்குது. எதையோ மறைக்கிற."

"வெங்காயம் உரிச்சேங்க!"

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பல் டாக்டரிடம் போனார். அவர் மன்றத்துப் பழைய எதிரி. பாம்புக்காதிடம் அதிகமாகத் தோற்றவரும் அவர்தான், காய்ச்சலின்போது மருத்துவமனைக்கு ஒருநாள் தவறாமல் வந்தவரும் அவர்தான். மதிய இடைவேளை. டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றி, உதடு தெரியும்படி வெளிச்சத்துக்கு வந்தார். புத்தகத்தைப் புரட்டிவிட்டு மூடினார். மருந்துச்சீட்டின் பின்பக்கம் ஒரு மேசையை வரைந்து, யாரிடம் எவ்வளவு காயின், யார் பந்தயம் கட்டியது என்று குறித்தார்.

"யோவ் பாம்பு, உங்கிட்ட ஒரு ஏஸும் ஒன்பதும் இருக்கு. எதிராளிக்கு வாயே இல்லைன்னு வச்சுக்க. மூஞ்சியும் இல்ல. என்ன பண்ணுவ?"

பாம்புக்காது தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆள் எப்படிப்பட்டவன்னு தெரியாம எப்படிய்யா சொல்றது?"

"அதான் விஷயம். உனக்குக் காது போனது இப்பதான். ஆனா ஆட்டத்தை நீ எந்தக் காலத்துலயும் கத்துக்கல. காது உன்னைக் காப்பாத்திக்கிட்டே வந்துச்சு."

சுருக்கென்று தைத்தது. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டார். அச்சகம் வரைக்கும் வாய்க்குள்ளேயே டாக்டரைத் திட்டிக்கொண்டு போனார். வாய்க்குள் என்று அவர்தான் நினைத்தார், தெருவே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிழை பார்க்க உட்கார்ந்த பிறகு கோபம் நிலைக்கவில்லை. அத்தனை வருஷ ஆட்டத்தில், குவியலில் இருப்பது எவ்வளவு, தன்னிடம் இருப்பது எவ்வளவு, இதற்கு இது தகுமா என்று ஒருமுறையாவது உட்கார்ந்து எண்ணியிருக்கிறாரா? இல்லை. சாட்சி வாய் திறக்காமல் தீர்ப்பு எழுதத் தெரியாத நீதிபதியாகவே இருந்திருக்கிறார்.

அன்று மாலை தனக்குத்தானே ஒரு விதி வகுத்துக்கொண்டார். காதுக்குப் பதில் வேறொன்றைத் தருகிறேன் என்று ஆசை காட்டுவது எதுவும் வேண்டாம். வாயில்லாத எதிராளியிடம் ஆடக் கற்றுத்தருவது மட்டும் போதும்.

அந்தச் சல்லடையில் போட்டுச் சலித்ததும் முக்கால்வாசி கீழே விழுந்தது. முகம் படிக்கும் புத்தகத்தைப் பழைய புத்தகக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, அவருடைய அலமாரியின் மூலையிலிருந்து மெலிந்த ஒரு கணக்குப் புத்தகத்தை வாங்கிவந்தார். காயின் குறைந்துபோன நேரத்தில் என்ன செய்வது என்பது மட்டும்தான் அதில் இருந்தது. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை, விடைக்குக் கீழே காரணம். காணொளியை ரத்து செய்தார். கணினி நிரலை அழிக்கவில்லை. அது அகராதி மாதிரி, மொழி தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தார்.

பயிற்சிக்கு, முன்பு அவர் வாய்க்கு வந்தபடி கேலி செய்த இணையப் போட்டிகளுக்கே போனார். அதில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: இந்த மேசையில் யாருக்குமே எதுவும் கேட்காது! எல்லாரும் தன்னைப் போலத்தான்.

கேட்காது என்பதற்காக ஜெயித்துவிட முடியுமா? முதல் மாதம் செம அடி. தினமும் முதல் ஆளாக வெளியேறினார். ஆடிய ஒவ்வொரு கையும் இணையதளத்தில் பதிவாகியிருக்கும். ஞாயிறு காலையில் டாக்டர் இவர் வீட்டுக்கு வந்து அவற்றைப் பிரித்து மேய்வார். தோற்றதை மட்டும் காட்டினால் விடமாட்டார்.

"ஜெயிச்சதையும் எடு. அதுலதான் அதிர்ஷ்டத்துல தப்பிச்ச திருட்டுத்தனம் ஒளிஞ்சிருக்கும்."

அக்கா மதிய வேளையில் அந்த மெலிந்த புத்தகத்தின் நகலிலிருந்து ஒரு கேள்வியைத் தொலைபேசியில் அனுப்புவாள். விடை தப்பாகப் போனால் 'மனு தள்ளுபடி' என்று பதில் வரும். தள்ளுபடிகள் மெல்ல மெல்லக் குறைந்தன.

போட்டி நாளன்று மண்டபத்து வாசலில், கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அரைகுறையாகக் கேட்டால் பழைய புத்தி தலைகாட்டும்.

பிற்பகலில், காயின் வற்றிக்கொண்டிருந்த நேரத்தில், வீட்டுமனைத் தரகர் ஒருவர் பந்தயத்தை உயர்த்தினார். எதிராளியைப் பேசியே குழப்புகிறவர் என்று பேர் பெற்றவர். பாம்புக்காது குவியலை எண்ணினார், தன் காயின்களை எண்ணினார், எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். தரகர் பேச ஆரம்பித்தார். சிரித்தார், கையை ஆட்டினார், மேசையைத் தட்டினார். பாம்புக்காது பச்சைத் துணியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மண்சுவரோடு எவ்வளவு நேரம் பேசுவது? தரகர் சலித்துப்போய்ச் சீட்டை வீசினார்.

கடைசி மேசையில் நான்கு பேர் மிஞ்சியபோது மறுபடியும் காயின் கரைந்தது. ராஜாவும் ஜாக்கியும் வந்தன. எண்ணிப் பார்த்தார், தள்ள வேண்டிய நேரம்தான். தள்ளினார். எதிரே இருந்த பேருந்து ஓட்டுநர் பெண்மணி இரட்டை எட்டோடு ஏற்றுக்கொண்டார். மேசையில் விரிந்த ஐந்து சீட்டில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

நான்காவது இடம். எழுந்து நின்று, மண்டபத்தின் மறுகோடியில் இருந்த டாக்டரைப் பார்த்துக் கேட்டார்.

"நான் தள்ளினது சரிதானேய்யா?"

மண்டபமே சிரித்தது. டாக்டர் இரண்டு கையையும் உயர்த்தி, பெரிதாகத் தலையாட்டினார். பாம்புக்காதுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தோற்ற கையை நினைத்து ஏன் தோற்றோம் என்று காரணம் சொல்ல முடிந்தது, வாழ்க்கையில் அன்றுதான் முதல் தடவை.

அந்தப் பெண்மணிதான் போட்டியில் ஜெயித்தார். வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் பாம்புக்காதை நெருங்கி ஏதோ சொன்னார்.

"கொஞ்சம் என் பக்கம் திரும்பிச் சொல்லுங்கம்மா. காது கேக்காது."

அவர் ஒரு கணம் திகைத்துவிட்டு, நேராக நின்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "உங்க இடத்துல நானா இருந்தாலும் தள்ளியிருப்பேன் சார். சீட்டுதான் எம்பக்கம் விழுந்துச்சு."

"ஞாயிற்றுக்கிழமை காலையில நாங்க உக்காந்து ஆடின கையெல்லாம் பாப்போம். நீங்களும் வாங்களேன். இந்த டாக்டரை நான் ஒருத்தனே சமாளிக்க முடியல."

"எனக்கு விடியக்காலை ஷிஃப்டு. பத்து மணிக்கு மேல வரலாமா?"

"வாங்க, வாங்க" என்றார் பாம்புக்காது. பிறகு மனைவி ஸ்கூட்டரோடு காத்திருப்பதையும் மறந்து, அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்க மறுபடியும் மண்டபத்துக்குள் நடந்தார்.