காத்தே கிடையாது

...ஆனால் சத்தமாக இருப்பதும் நன்றாக இருப்பதும் ஒன்றா என்று இந்த அண்ணாச்சியிடம் எப்படிக் கேட்பது, கேட்டால் சிரிப்பார், பொன்மணி துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள், எதிரே நீலமும் சிவப்புமாக விளக்கு ஓடும் ஸ்பீக்கர் ஒன்று குத்துப்பாட்டில் அதிர்ந்துகொண்டிருந்தது, அதன் மேல் வைத்திருந்த பில் புத்தகம் ஒவ்வொரு அடிக்கும் ஒரு நூல் நகர்ந்தது, இன்னும் பத்து அடியில் கீழே விழுந்துவிடும்... "பேஸ் எப்படி, தங்கச்சி? ஆளையே தூக்குதுல்லா?" என்றார் கடைக்காரர் சுடலைராஜ் அண்ணாச்சி, குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு. தூக்கத்தான் செய்கிறது. ஆனால் அடிச்சத்தத்துக்கான சப்வூஃபர் பெட்டியை இரண்டு சுவரும் சேரும் மூலையில் அல்லவா வைத்திருக்கிறார், மூலையில் வைத்தால் எந்தப் பெட்டியும் கொஞ்சம் கூடத்தான் முழங்கும், அது பெட்டியின் கெட்டிக்காரத்தனம் இல்லை, சுவரின் கெட்டிக்காரத்தனம், இதைச் சொல்ல வாய் வரவில்லை. மூன்று வருடம் பிசிக்ஸ் படித்தவள், வைவாவில்கூடத் தெரிந்த பதிலைத் தொண்டைக்குள்ளேயே சொன்னவள். அண்ணாச்சி அடுத்த அட்டைப்பெட்டியை எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்துக் குனிந்து சப்வூஃபரை மூலையிலிருந்து இரண்டு அடி இழுத்து வைத்தாள். பாட்டு பாதியாக இளைத்தது. அண்ணாச்சி திரும்பிப் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "வெவரமான ஆளுதான்" என்றார். அவளுக்குக் காது மடல் சுட்டது.

இதுவரை அவளாக எதைத் தேர்ந்தெடுத்தாள்... படிப்பு அப்பா சொன்னது, வேலை அப்பா பார்க்கும் அதே தீப்பெட்டி ஆபீஸில், நிச்சயதார்த்தச் சேலை சுகுணா மதினி எடுத்தது, மாப்பிள்ளை தரகர் கொண்டுவந்தது, அதில் ஒன்றும் குறையில்லை, மாப்பிள்ளையில் நிச்சயமாகக் குறையில்லை. கயத்தாற்றுக்காரர், அருண்பாண்டியன், குஜராத்தில் கட்ச் பக்கம் காற்றாலைக் கம்பெனியில் வேலை. போன மாதம் வீடியோவில் பேசும்போது, ஊர் வீட்டில் தன் கம்ப்யூட்டர் இருக்கிறது, அதன் ஸ்பீக்கர்தான் தகர டப்பா மாதிரி ஆகிவிட்டது என்று சிரித்தார். அவ்வளவுதான் சொன்னார். வாங்கு என்று சொல்லவில்லை. அன்றைக்கே அவள் மனத்தில் விழுந்துவிட்டது, தீபாவளிக்கு அவர் ஊருக்கு வரும்போது அந்தக் கம்ப்யூட்டர் மேசையில் நல்ல ஸ்பீக்கர் இருக்க வேண்டும், தான் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும், கல்யாணம் முடிந்து அங்கே போனதும் யார் எடுத்தது என்று அவர் கேட்க வேண்டும், தான் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட வேண்டும்... இன்னும் பார்க்காத அந்த அறையில் இன்னும் வராத அந்த நிமிஷத்தை எத்தனை தடவை நடத்திப் பார்த்துவிட்டாள். தையில் கல்யாணம். நிச்சயதார்த்தமே ஒரு தடை வந்து, விலகித்தான் நடந்தது. காத்தாடியில் ஏறுகிற வேலை என்றதும் அப்பா பூவனலிங்கம் பிடித்துக்கொண்டார். "நாங்க தீக்குப் பக்கத்துல பொழைக்கிறவுக, உயரத்துக்கும் சேத்துப் பயப்பட எங்களால முடியாது" என்றார், தட்டை மாற்றும் முன்னால், எல்லாரும் இருக்கும்போது. மாப்பிள்ளையின் அம்மா கோமதியம்மாள் பதறிப்போய், "அவன் இப்ப மேல ஏறுததே இல்ல அண்ணாச்சி, ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டர்ல பாக்குத வேலைதான்" என்றாள். அப்படியானால் சரி என்றார் அப்பா. அப்படி இல்லையானால் சரியில்லை என்பது அதற்குள் இருந்தது. மாப்பிள்ளை அப்போது தலை குனிந்து தட்டிலிருந்த காராச்சேவில் பூண்டுத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஆண்பிள்ளைக்கு இவ்வளவு வெட்கமா என்று அவளுக்கு அப்போதே பிடித்துப்போனது.

"ஏட்டி, இன்னுமா முடியல? கட்டில் எடுக்கக்கூட இம்புட்டு நேரம் ஆகல" என்றாள் மதினி, வாசல் பக்கமிருந்து. மதினி வந்ததே அவள் தனியாகக் கடைக்குப் போய்ப் பேசாமல் திரும்பி வந்துவிடுவாள் என்றுதான். அதற்குள் மதினியின் போன் அடித்தது, அண்ணன், தூத்துக்குடிக்கு லாரியில் லோடு கொண்டுபோயிருக்கிறான். "எங்க இருக்கீய? சாப்பிட்டுக்கிட்டு இருக்கீயளா? அப்ப ஆரன் அடிக்கது யாரு, ஓட்டல்காரனா? வண்டிய ஓட்டிக்கிட்டே பேசாதீயன்னு எத்தன மட்டம் சொல்லுதது..." பேசிக்கொண்டே வெளியே போனாள். பொன்மணிக்குச் சிரிப்பு வந்தது. ஹாரன் கீச்சென்று மேல்சுதியில் ஒலிப்பது, எந்த ஓட்டைப் போனிலும் தெளிவாக வந்துவிடும், அண்ணனால் ஒரு பொய்கூட ஒழுங்காகச் சொல்ல முடியாது, பாவம்.

அண்ணாச்சி இரண்டாவது செட்டை எடுத்து வைத்துவிட்டார், விளக்கு இல்லை, மினுமினுப்பு இல்லை, மரப்பெட்டி, கறுப்பு, கரிசல் தூசி படிந்தால் தெரியவே தெரியாத கறுப்பு. "இது யாரும் கேக்கது இல்ல தங்கச்சி, லைட்டு இல்லல்லா. சத்தம் சுத்தமா இருக்கும். ஒங்க போன்லயே எதையாவது போட்டுப் பாருங்க" என்று புளூடூத்தைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, பல் மருத்துவமனைக்கு ஸ்பீக்கர் கேட்டு வந்த ஒருவரிடம் போய்விட்டார். எதைப் போடுவது... தராசு சரியா என்று பார்க்க முதலில் எடை தெரிந்த கல் ஒன்று வேண்டும். பாட்டெல்லாம் அவளுக்கு மேலோட்டமாகத்தான் தெரியும், மூச்சு முதற்கொண்டு மனப்பாடமாகத் தெரிந்த சத்தம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ஆபீஸில் ஒவ்வொரு லாட்டிலும் இருபது குச்சியை எடுத்து உரசிப் பார்ப்பாள், இருபதும் நன்றாகப் பற்றினால் லட்சம் குச்சியும் நன்று என்று கையெழுத்துப் போடுவாள். அவரையும் அப்படித்தானே தெரியும், நேரில் இரண்டு தடவை, போனில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அறுபத்தி மூன்று... சுற்றிலும் பார்த்தாள். முதலில் விளக்கு ஓடும் செட்டில், சத்தத்தைக் குறைத்து வைத்து, போன வாரத்து வாய்ஸ் ஒன்றை ஓடவிட்டாள். பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது போல் இருந்தது, எல்லாம் ஒரே முழக்கம், சீ, இது அவரே இல்லை. பிறகு கறுப்புப் பெட்டியில்.

பொன்மணி, சாப்ட்டாச்சா... ரூம்லதான் இருக்கேன்... இப்பதான் டீ வந்துச்சு... இங்கன வெயிலு மண்டையப் பொளக்குது, காத்தே கிடையாது... நம்ம ஊர்ல மேகம் கூடுதா... சரி, வைக்கேன். ஐயோ, இப்படி ஒரு குரலா, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொன்னது போல, அடியில் கொஞ்சம் கரகரப்பு, இது போனில் வந்ததே இல்லை. சின்ன ஸ்பீக்கர் குரலின் அடிப்பாகத்தை விட்டுவிடும், மேலே உள்ளதை வைத்துக் காது தானாக அடியை நிரப்பிக்கொள்ளும், வகுப்பில் படித்ததுதான். அப்படியானால் இத்தனை நாள் பாதி அவர் பேசினார், மீதியைத் தான் நிரப்பிக்கொண்டிருந்தோம்... நினைக்கவே நன்றாக இருந்தது. இன்னொரு தடவை போட்டாள். அப்போதுதான் கேட்டது, குரலுக்கும் கீழே, குரலைச் சேராமல், ஏதோ ஒன்று பெரிதாக உருண்டது. ஓய்ந்தது. மறுபடியும் உருண்டது. கரண்டு இரைச்சலா, இல்லை, அது ஒரே மாதிரி இழுக்கும், இது ஏறி இறங்குகிறது. வாய்ஸை நிறுத்தினாள், பெட்டியில் நிசப்தம். மதினி நேற்று அனுப்பியதைப் போட்டாள், ஏட்டி வாரப்போ கத்தரிக்கா வாங்கியா, முத்துனத எடுத்துட்டு வராத, அடியில் ஒன்றுமில்லை, சுத்தம். அவரே முதல் மாதம் விடுதியிலிருந்து அனுப்பியது, மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும். திரும்பவும் போன வாரத்து வாய்ஸ். உருண்டது.

எங்கே கேட்டிருக்கிறாள் இதை... மூன்றாம் வருடம், கல்லூரியிலிருந்து கயத்தாற்றுக் காற்றாலைக்குக் கூட்டிப் போனார்கள், நின்றுபோயிருந்த ஒரு காத்தாடியின் அடிக்கதவைத் திறந்து ஐந்து ஐந்து பேராக உள்ளே விட்டார்கள், இரும்புக் குழாய்க்குள் நின்று அண்ணாந்து பார்த்தபோது, எங்கோ உச்சியில் காற்று வந்து மோதுவது காதில் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் கேட்டது. அதேதான். இதே உருளல்தான். அப்புறம் அந்தக் கிணுக் கிணுக், முக்கால்வாசி வாய்ஸில் வருமே, டீ கிளாஸில் கரண்டி, ஒரு நாள் கேட்டேவிட்டாள், எப்பப் பாத்தாலும் டீயா ஆத்துதீங்க, அவர் ஒரு நொடி நிறுத்தி, ஆமா ஆமா, இங்கன சீனி கரையமாட்டேங்குது என்றார், அவள் அன்று முழுவதும் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கரண்டியா அது. அந்தச் சுற்றுலாவில் மேலே ஏறுகிறவர் இடுப்பு பெல்ட்டில் இரண்டு கொக்கி தொங்கியது, நடக்கும்போது ஒன்றோடொன்று தட்டியது, கிணுக், கிணுக்... காராச்சேவில் என்ன பூண்டுத்தோல் இருக்கப்போகிறது. அன்று அவர் தலை குனிந்தது வெட்கமே இல்லை, அம்மா சொன்ன பொய்க்குத்தான். ஒருவேளை கீழேயே நின்றிருக்கலாம் அல்லவா, கதவுக்குப் பக்கத்தில், நிழலுக்காக, இருக்கலாம், ஒரே ஒரு வாய்ஸை வைத்து... இன்னொன்றைப் போட்டாள். ரூம்லதான் இருக்கேன். உருண்டது.

"யாத்தே! மாப்பிள்ளையக் கடைக்கே கூட்டியாந்துட்டியா!" மதினி வந்து நின்றது தெரியவில்லை. கைதவறி நிறுத்துவதற்குப் பதில் சத்தத்தைக் கூட்டிவிட்டாள், காத்தே கிடையாது என்று அருண்பாண்டியன் கடை முழுவதற்கும் சொன்னார், பல் மருத்துவமனைக்காரர் திரும்பிப் பார்த்தார், மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. "அதென்னட்டி, பின்னால இடி உருளுத மாதிரி?" மதினி அப்பாவிடம் எதையும் மறைக்கமாட்டாள், மறைக்க அவளுக்கு வராது. இடி மாதிரி கேட்டது மாமா என்று சோறு போடும்போது சொல்வாள், அப்பா கையை உதறிவிட்டு எழுந்து போனை எடுப்பார், தை மாதம், மேசை, அந்த நிமிஷம் எல்லாம்... சொல்லாமலும் இருக்கலாமா, சொல்ல வேண்டும்தானே, எண்பது மீட்டர் உயரம், கணக்குப் போட்டால் விழ நாலே நொடி, ஏன் இந்தக் கணக்கெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறோம்... "பேஸ் கூடிப்போச்சு மதினி, பெட்டியோட சத்தம்" என்றது ஒரு வாய், அவளுடையதுதான், தொண்டையில் நிற்காமல் இவ்வளவு சரளமாக அது எதையும் சொன்னதில்லை. "அப்ப இது வேண்டாம், கோளாறுள்ள பெட்டி. அந்த லைட்டு எரியுதத எடு, சாமி ஊர்வலம் மாதிரி சோக்கா இருக்கு." அதை எடுக்கலாம். அதில் எல்லாம் ஒரே முழக்கம், எதுவும் தனியாகக் கேட்காது, இனி அவர் அனுப்புவது எல்லாம் ரூமிலிருந்துதான் வரும். இரண்டு பெட்டிக்கும் நடுவில் நின்றாள். கோளாறு இல்லாத பெட்டிக்குக் கோளாறு என்று பேர் வைத்தாயிற்று, அதற்காகவாவது... "இதுதான் வேணும் மதினி" என்றாள். இதுதான் வேணும் என்று இவள் எதையும் சொல்லி மதினி கேட்டதில்லை. "சரிட்டி. ஒன் இஷ்டம்" என்றாள், மெதுவாக.

அண்ணாச்சி தெர்மாக்கோலை வைத்து அட்டைப்பெட்டியைக் கட்டும்போது போன் அதிர்ந்தது. அவர். வாய்ஸ்தான், காதோடு ஒட்டி வைத்துக் கேட்டாள், எங்கன இருக்க பொன்மணி, கிணுக், ஒரு பதிலையும் காணோம். போனில் அடி இல்லை, உருளல் இல்லை, காத்தே இல்லாத ஊரிலிருந்து பேசும் ஒருவர். வாசலுக்குப் போனாள். வெளியே புழுதி கிளம்பியிருந்தது, வடக்கே மேகம் கறுத்து நின்றது. என்ன கேட்பது, நீங்க மேலயா இருக்கீங்க என்றா, கேட்டால் ஆமாம் என்பாரா, ஆமாம் என்றால் அப்புறம் அந்த வார்த்தையைத் தானும் அப்பாவிடமிருந்து மறைத்துச் சுமக்க வேண்டும், இல்லை என்றால் அதைவிடக் கஷ்டம். ஒரு கையால் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டுதான் இதை அனுப்பினாரா, இறங்கினதும் கேட்டிருக்கக் கூடாதா, நான் எங்கே இருந்தால் என்ன... மைக்கை அழுத்தினாள். "வீட்லதான் இருக்கேன்" என்றாள். ஸ்பீக்கர் சமாச்சாரம் தெரிந்துவிடக் கூடாதே. அந்த நேரம் பார்த்து உள்ளே அண்ணாச்சி பல் மருத்துவமனைக்காரருக்கு விளக்குப் பெட்டியின் குமிழைக் கடைசிவரை திருகினார், வாசல் ஷட்டரெல்லாம் அதிர்ந்தது, விரல் எடுபட்டு, வாய்ஸ் அதோடு போய்விட்டது. அவர் போனில் அந்த அடிமுழக்கம் கேட்காது. தீபாவளிக்கு வந்து, இந்தப் பெட்டியில் போட்டுப் பார்த்தால் மட்டும் கேட்கும். அனுப்பியதைத் தானே ஒரு தடவை போட்டுக் கேட்டாள், வீட்லதான் இருக்கேன், யாருடைய குரல் இது, இவ்வளவு பிரியமாக, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்திவிடுவது போல... இந்தக் குரலைத் தெரியும். அறுபத்தி மூன்றிலும் அவளுக்கு மிகவும் பிடித்த இடம், திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்கும் இடம், ரூம்லதான் இருக்கேன் என்று அவர் சொல்லும் இடம்.

"ஏட்டி வா, மழ வந்துரும், பெட்டி நனையப் போகுது" என்று மதினி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டாள், நினைத்ததைவிடக் கனம். போன் மறுபடியும் அதிர்ந்தது, அவரிடமிருந்து இன்னொரு வாய்ஸ், ஏழு நொடி, இன்னும் கேட்காதது. விரலை அதன் மேல் கொண்டுபோனாள். ஆட்டோ கிளம்பியதும் எங்கோ தூரத்தில் நிஜமாகவே இடி உருண்டது, அவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, வாய்ஸைக் கேட்காமலே விரலை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டாள்.