ஐந்து மெஷின் தாண்டிய மன்னிப்பு

கம்ப்யூட்டர் அறையில் அவருக்கு 'முகவரி மன்னர்' என்று பெயர். வைத்தது வேறு யாருமல்ல, அவரேதான். மின்னஞ்சல் புதிதாக வந்த காலம். ஒரு நெட்வொர்க்கில், கடிதம் தாண்ட வேண்டிய மெஷின்களை முன்னாலிருந்து வரிசையாக எழுத வேண்டும். இன்னொன்றில் ஆளை முதலில் எழுதி, இடத்தைக் கடைசியில் எழுத வேண்டும். இரண்டுமே தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று மன்னர் சொல்லித் திரிந்தார்.

மனைவி கடல் தாண்டி ஓர் ஆய்வுக்கூடத்தில் கொசுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அவள் கிளம்பும்போது, "கொசு அடிக்க விமானம் ஏறிப் போறா" என்று நண்பர்கள் முன்னால் மன்னர் வாய்க்கொழுப்பில் சொல்லிவைத்தார். எல்லோரும் சிரித்தார்கள், அவளைத் தவிர. இப்போது அங்கேயே இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்லி ஒப்பந்தம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை கையெழுத்து. போன் பண்ணினால் எடுப்பதில்லை.

செவ்வாயன்று உட்கார்ந்து மன்னிப்புக் கடிதம் எழுதினார். "நான் ஒரு முட்டாள். நீ இல்லாத வீட்டில் கொசுகூட என்னை மதிப்பதில்லை" என்றெல்லாம் மனம்விட்டு எழுதினார். பிறகு இரண்டு முறைகளையும் ஒரே முகவரியில் கலந்து, கம்பீரமாக அனுப்பினார்.

ஒரு மெஷின் அதை முன்னாலிருந்து படித்தது, அடுத்தது பின்னாலிருந்து. கடிதம் நாய் படாத பாடு பட்டது. போய்ச் சேராத கடிதம், மெஷினைக் கவனிக்கும் ஆளின் பெட்டியில் முழுசாக விழும். புதன்கிழமை காலை, முன்பின் தெரியாத ஐந்து பேர் மன்னருக்கு எழுதியிருந்தார்கள். நான்கு பேர் முகவரியைத் திருத்தியிருந்தார்கள். ஐந்தாமவர் அவளுடைய ஆய்வுக்கூடத்துக்காரர்.

"அச்சடிச்சு அவங்க கையிலயே கொடுத்துட்டேன் சார். அந்தக் கொசு வரி பிரமாதம்."

மன்னரின் மானம் கப்பலேறியது.

வியாழன் மாலை அவளே எழுதினாள்: "இத்தனை பேர் முன்னாடி மன்னிப்பு கேப்பீங்கன்னு நான் கனவுலகூட நினைக்கலை."

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அரை மணி நேரம் மூடிக்கொண்டுதான் இருந்தார். பிறகு மனசு கேட்கவில்லை. "வேணும்னு பண்ணலை. முகவரியைத் தப்பாப் போட்டுட்டேன்" என்று அனுப்பிவிட்டார். வெள்ளி மதியம்வரை பதில் இல்லை. மூன்று மணிக்குத் திரையில் அவள் பெயர் வந்தது.

"தெரியும். முகவரியில என்ன தப்புன்னு அச்சடிச்ச கடிதத்துக்கு மேலேயே மெஷின் போட்டிருந்துச்சு. உங்க வாயால வருதான்னு பார்த்தேன். கையெழுத்துப் போடலை."