இழுபறி வண்டி

"எப்போ ஆரம்பிச்சது?" என்று டாக்டர் கேட்டதும் ஜோசியர் திரும்பி மனைவியின் கையைப் பார்த்தார்.

ஜோசியர் என்பது பட்டறையில் அவருக்கு வைத்த பட்டப்பெயர். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் திருகாணியை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தே, அந்த வண்டி எந்தப் பருவத்தில் தொழிற்சாலையை விட்டு வந்தது என்று சொல்லிவிடுவார். கதவுக் கைப்பிடியில் சாவித் துளை எப்போது இடம் மாறியது, முன்விளக்கு வளையத்துக்கு மூன்று திருகாணி போட்டுக்கொண்டிருந்தவர்கள் எப்போது இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. தன் வண்டி பிறந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்கிறவர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். அப்பேர்ப்பட்டவருக்கு, ஒரே வீட்டில், ஒரே பட்டறையில், கூடவே இருக்கிற மனைவியின் கை எப்போதிலிருந்து நடுங்குகிறது என்று தெரியவில்லை.

"இப்பத்தான் டாக்டர். ஒரு ரெண்டு மூணு மாசமா" என்று அவளே சொன்னாள்.

டாக்டர் அவளை விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார். பிறகு இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். ஒரு பக்கத்தில் தொடங்கி, வருஷக்கணக்கில் மெதுவாக வந்திருந்தால் அது ஒரு வகை. மாத்திரைக்குக் கட்டுப்படும், நீண்ட காலம் ஓட்டலாம். மளமளவென்று இரண்டு கைக்கும் பரவியிருந்தால் அது வேறு வகை. அந்த வேறு வகைக்கு என்ன செய்வது என்பதை அவர் சொல்லாமல் பேனாவை மூடினார். நன்றாக யோசித்து அடுத்த முறை வந்து சொல்லுங்கள், அவசரமில்லை என்றார். அவசரமில்லை என்ற அந்தச் சொல்தான் ஜோசியரோடு வீடு வரை வந்தது.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வண்டிகளைப் பிரிக்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து வைப்பது வழக்கம். பாகத்தின் அளவு தெரிய வேண்டும் என்பதற்காகப் பக்கத்தில் ஒரு இரும்பு அளவுகோலைப் பிடிக்க வேண்டும். அந்த வேலை கல்யாணமான நாளிலிருந்து அவளுடையது. ஆகவே எந்தப் படத்தைத் திறந்தாலும் ஓரத்தில் அவள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருக்கும். ஆனால் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டபோது படங்களைப் புதியதற்கு மாற்றியதில் எல்லாவற்றுக்கும் ஒரே தேதி விழுந்திருந்தது. ஊராருக்கெல்லாம் பிறந்த தேதி சொல்கிறவர் வீட்டுக் காலண்டர் கிழிந்து கிடக்கிற கதை என்று அப்போது பட்டறைப் பெயின்டர் சிரித்தது நினைவு வந்தது.

தேதி இல்லாவிட்டால் என்ன, வேலையை வைத்து வரிசைப்படுத்தலாம். முதலில் வெள்ளை வண்டி, அப்புறம் பச்சை, இப்போது சிவப்பு. ஒவ்வொன்றிலும் பிரித்தது, சுரண்டியது, அடிப்பூச்சு, மேல்பூச்சு. வெள்ளை வண்டியில் அவள் விரல்கள் குறடு போல அசையாமல் நின்றன. பச்சை வண்டியின் அடிப்பூச்சு நேரத்துப் படங்களில் திருகாணி துல்லியமாக இருந்தது, அளவுகோலின் எண்கள் மட்டும் கலங்கியிருந்தன. அவருக்கு அந்தப் படங்கள் நன்றாக ஞாபகம் இருந்தன. லென்ஸ் கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டை பிடித்துப் புது லென்ஸ் வாங்கி வந்தார். அதற்கப்புறம் படங்கள் தெளிவாகத்தான் இருந்தன. ஏனென்றால் அதற்கப்புறம் அளவுகோலைப் பிடித்திருந்தது இடது கை. வலது ஆள்காட்டி விரலில் போட்டிருக்கும் மோதிரம் இதில் இல்லை என்பதை இன்றைக்குத்தான் பார்த்தார். சிவப்பு வண்டியைப் பிரித்தபோது அந்த இடது கை வண்டியின் விளிம்பில் முழங்கையை ஊன்றியிருந்தது. அடிப்பூச்சுக்கு வந்தபோது கையே இல்லை. அளவுகோல் ஒரு காந்தத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

காந்தம் பெயின்டரின் யோசனை என்று நினைத்துப் பாராட்டியிருந்தார். இப்போது கேட்டபோது பெயின்டர் கையிலிருந்த உப்புத்தாளை மடித்து மடித்துப் பிரித்தான்.

"அக்காதான் கேட்டாங்கண்ணே. அண்ணன் வேலை என்னால கெடக்கூடாதுன்னாங்க."

காந்தத்தின் கூர்முனைகளை அவன் வழவழவென்று தேய்த்து, எடுக்கும்போது விரலில் குத்தாமல் இருக்கச் சுற்றிலும் துணி ஒட்டியிருந்தான். அவனைத் திட்ட வந்த ஜோசியர் அந்தத் துணியைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

பச்சை வண்டியின் அடிப்பூச்சிலிருந்து சிவப்பு வண்டியின் அடிப்பூச்சு வரை, ஒரு வருஷம்கூட இல்லை. அதற்குள் இரண்டு கையும். வருஷக்கணக்கு என்று எந்த வாய் சொல்லும்? அப்போதுதான் தான் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருப்பது என்னவென்று அவருக்கே உறைத்தது. என் மனைவிக்கு இந்த நோய் ரொம்ப நாளாகவே இருந்திருக்கட்டும் கடவுளே, என்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்படி ஒரு பிரார்த்தனையை எந்தப் புருஷனாவது செய்திருப்பானா? கேட்கக்கூடத் தெரியாத என்னை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய் கடவுளே என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மத்தியானம் அவள் வந்தாள். திரையில் தன் விரல்கள் பெரிதாகத் தெரிவதைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன ஜோசியரே, ஜாதகம் கணிச்சாச்சா?"

"பச்சை வண்டி" என்றார்.

"இல்லைங்க. அதுக்கு ரொம்ப முன்னாடியே. வெள்ளை வண்டி வர்றதுக்கும் முன்னாடி. சட்டைப் பட்டன் போடவே கஷ்டமா இருக்கும். நான்தான் சொல்லல."

"நேத்து ரெண்டு மூணு மாசம்னு சொன்னியே."

"நேத்து எனக்குத் தெரியாதே, மெதுவா வந்தா நல்லதுன்னு."

அந்தப் பதிலில் உண்மை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவரால் பிரிக்க முடியவில்லை. நேற்று மறைத்தாளா, இன்றைக்கு அவருக்காகச் சேர்க்கிறாளா? அவள் முகத்தைப் பார்த்தார். அதில் எதுவும் இடம் மாறியிருக்கவில்லை, கல்யாணத்தன்று இருந்த அதே முகம்.

"அப்போ டாக்டர்கிட்ட என்னன்னு சொல்றது?"

"நீங்க கார்க்காரங்ககிட்ட சொல்வீங்களே, அதையே சொல்லுங்க. இழுபறின்னு."

அது அவருடைய சொல்தான். தொழிற்சாலையில் ஒரு பாகத்தை மாற்றினால் யாரும் மணியடித்து அறிவிப்பதில்லை. புதிய வளையம் வந்து சேர்ந்திருக்கும், பழையது தொட்டியில் மிச்சம் கிடக்கும். கைக்கு எது அகப்பட்டதோ அதைப் பூட்டி அனுப்புவார்கள். அந்தக் காலத்தில் வந்ததையெல்லாம் இழுபறி வண்டி என்பார். எந்த நாளில் மாறியது என்று வண்டி முதலாளிகள் மல்லுக்கு நிற்கும்போது, அப்படி ஒரு நாளே கிடையாது என்று சிரித்துக்கொண்டே சொல்வார். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர்கள் அதே சொல்லை உயிருக்குச் சொல்வார்கள் என்பது அவருக்கு இதுநாள்வரை தோன்றியதே இல்லை.

"சரி, எழுந்திரிங்க. விளக்கு வளையத்தைப் படம் எடுக்கணும்னு காலையிலேருந்து சிவப்பு வண்டிக்காரர் போன் மேல போன் போடறார்."

சிவப்பு வண்டி சாம்பல் நிற அடிப்பூச்சோடு ஜன்னல் வெளிச்சத்தில் நின்றது. அவர் காமிராவை எடுத்தார். அவள் காந்தத்தை எடுக்கவில்லை. அளவுகோலை வலது கையில் பிடித்து வளையத்தின் பக்கத்தில் கொண்டுபோனாள். இரும்பு, வளையத்தின் விளிம்பில் டிக் டிக் என்று தட்டியது. சுரண்டிக்கொண்டிருந்த பெயின்டர் நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆடாமப் பிடி என்று எத்தனையோ வருஷமாகச் சொல்லிப் பழகியவர் அவர். இன்றைக்கு மண்டியிட்டு, இடது உள்ளங்கையை அவள் மணிக்கட்டுக்குக் கீழே கொடுத்துத் தாங்கினார். தட்டுகிற சத்தம் குறைந்தது. எண்கள் மெல்ல நின்றன. ஒற்றைக் கையில் காமிராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தபோது, காமிராக் கண்ணாடிக்குள் அளவுகோல், வளையம், இரண்டு திருகாணி, அவள் விரல்கள், எல்லாம் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தன.

"இப்ப நான் ஆட்டல" என்றாள் அவள்.