டி பக்கம் அமைதியான வீடு

என் காது மிஷினில் கடுகு அளவுக்கு ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு பக்கம் தள்ளினால் 'எம்', மறுபக்கம் தள்ளினால் 'டி'. எம் என்றால் மைக். காற்று வழியாக வரும் எல்லாச் சத்தத்தையும் வாங்கிப் பெரிதாக்கிக் காதுக்குள் கொட்டும். டி-யில் வைத்தால் மைக் அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் கேட்காது. அதற்குப் பதிலாக மிஷினுக்குள் உள்ள ஒரு குட்டிக் காயில், அதாவது கம்பிச் சுருள், வேலை செய்யத் தொடங்கும். அந்தக் காயிலுக்குச் சத்தம் தெரியாது, காந்தம்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் இதைக் கொடுத்த பெண், டி எதற்கென்று விளக்க ஆரம்பித்தபோது நான் சிரித்துவிட்டேன். ராயபுரத்தில் முப்பது வருஷமாக மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவன் நான். ஒரு கம்பியில் மின்சாரம் ஏறி இறங்கினால் அதைச் சுற்றிக் காந்தமும் ஏறி இறங்கும். அந்தக் காந்தம் பக்கத்தில் இருக்கும் இன்னொரு காயிலைத் தொட்டால் அதிலும் மின்சாரம் ஏறி இறங்கும். தொடாமலே ஒன்று இன்னொன்றிடம் பேசும். அன்று சாயங்காலமே கடையில் மெல்லிய எனாமல் கம்பியை எடுத்து, கழுத்தில் மாலை போல விழும் அளவுக்கு நாற்பது சுற்றுச் சுற்றி, முனையில் இயர்போன் பின்னைப் பற்றவைத்தேன். போனில் செருகினால், வரும் குரல் மாலையில் காந்தமாக ஓடும். காது மிஷின் அதை நேரே எடுத்துக்கொள்ளும். நடுவில் காற்றே கிடையாது.

காது போனது காயில் கட்டியதால் அல்ல. இளம் வயதில் பத்து வருஷம் கப்பல் தொட்டிகளுக்குள் இறங்கித் துரு தட்டினேன். இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்து சுத்தியலால் அடித்தால் சத்தத்துக்கு வெளியே போக வழி ஏது? எங்கள் காதுகளுக்குள்தான் போனது.

மனைவி சபூரா இருந்தவரை இது பெரிய குறையாகத் தெரியவில்லை. அரபு நாட்டில் தம்மாமில் இருக்கும் மகள் நவ்ரீன் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா முடிந்து கூப்பிடுவாள். சபூரா ஒரு மணி நேரம் பேசிவிட்டு, எல்லாவற்றையும் என் முகத்துக்கு நேரே, உதடு தெரிய மறுபடி சொல்வாள். அவள் இறந்து நான்கு வருஷம் ஆகிறது. அதன்பிறகு நவ்ரீன் என்னிடம் கத்த ஆரம்பித்தாள். கத்திச் சொல்ல முடிந்தவை மூன்றே கேள்விகள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, உடம்பு நல்லா கீதா. கேட்கவே வேண்டாம், வரிசை எனக்குத் தெரியும். மூன்று 'ஆம்' சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

மாலையைப் போட்டுக்கொண்டு வீட்டில் டி-யில் வைத்தேன். 'ம்ம்ம்ம்' என்று ஒரே உறுமல். போன வருஷம் என் ஜன்னலை ஒட்டி ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வந்திருந்தது. அதன் காந்தத்துக்கு முன்னால் என் நாற்பது சுற்று எம்மாத்திரம்? கடையிலும் மோட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காசிமேட்டுக் கடலோரக் கற்களில் போய் உட்கார்ந்தேன். அங்கே டி பக்கம் அப்படி ஒரு சுத்தம். ஆனால் கடல்காற்று போனின் மைக்கில் நேராக மோதினால் அந்தப் பக்கம் இரைச்சல்தான் போய்ச் சேரும். நவ்ரீனுக்கு என் குரல் கிடைக்கவில்லை.

"ஹலோ. அத்தா. ஹலோ. ஒண்ணுமே கேக்கல அத்தா, வெச்சிடறேன்."

ஏழு வார்த்தை. ஏழும் கேட்டது. கத்தாத குரலில் அவள் 'அத்தா' என்று சொல்லி நான் கேட்டு நான்கு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. மறுநாளே வீட்டு புரோக்கர் தேசப்பனைப் பிடித்தேன். நவ்ரீனிடம் எதுவும் சொல்லவில்லை. வீடு கிடைக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன்.

தேசப்பன் நல்ல மனிதர். வாயைப் பெரிதாகத் திறந்து பேசுவார், உதடு படிக்கச் சுலபம். என் நிபந்தனைகளைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"கரண்டு கம்பி கிட்ட கீக்கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் கூடாது. ரோட்டு சத்தம் கூடாது. பாய், காது கேக்காத ஆளுக்கு சத்தம் இல்லாத வூடு எதுக்கு?"

"காது கேக்காததாலதான்."

"கம்பி இன்னா பண்ணுது? கேன்சர் கீன்சர்னு பயமா?"

விளக்கினேன். மைக்கில் வைத்தால் லாரி ஓட்டம், எதிரில் நிற்கிறவர் பேச்சை முழுங்கிவிடும். டி-யில் வைத்தால் கரண்டு கம்பி, போன் பேச்சை முழுங்கிவிடும். எனக்கு இரண்டும் வேண்டும். கழுத்து மாலையையும் காட்டினேன். அவர் அதை விரலால் தூக்கிப் பார்த்து, "தாலி மாரி கீது பாய்" என்றார்.

மூன்று வாரத்தில் பதினொரு வீடு பார்த்தோம். வடக்கே போகப் போக ஒரு விஷயம் பிடிபட்டது. துறைமுகம் இருக்கும் ஊரில் லாரி ஓடியே தீரும். அனல் மின் நிலையம் இருக்கும் ஊரிலிருந்து கம்பி கிளம்பியே தீரும். ஒன்றை விட்டு விலகினால் இன்னொன்றின் மடியில் போய் விழுவோம். தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் சாலையும் இல்லை, மின்கம்பி டவரும் இல்லை, ஆனாலும் டி உறுமியது. வயரிங் செய்தவர், மின்சாரம் போகும் கம்பியை ஒரு சுவரிலும் திரும்பும் கம்பியை எதிர்ச் சுவரிலும் இழுத்திருந்தார். இரண்டும் ஒட்டி ஓடினால் ஒன்றின் காந்தத்தை இன்னொன்று அழித்துவிடும். பிரித்துவிட்டால் வீடே ஒரு காயில். வீட்டுக்காரரிடம் மாற்றித் தரச் சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டுத் தேசப்பனைப் பார்த்து ஏதோ சொன்னார். தேசப்பன் அதை எனக்குத் திருப்பிச் சொல்லவில்லை.

பன்னிரண்டாவது வீடு எண்ணூரில், முகத்துவாரத்துக்குப் போகும் வழியில். வீட்டுக்கார அம்மா புஷ்பவல்லி மீன் விற்கிறவர், கணவர் கடலுக்குப் போகிறவர். முன் பக்கம் அவர்கள் குடியிருப்பு, பின் பக்கம் வாடகைக்கு. சாலை வெகுதூரம். எம்-மில் வைத்தேன். நம்பவே முடியவில்லை. அடுப்பில் எண்ணெய் பொரிவது கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ திட்டுவது வார்த்தை வார்த்தையாகக் கேட்டது.

நான் சுவரோரமாகத் தலையைச் சாய்த்து நின்றிருந்தேன்.

"இன்னா தேசப்பா, பாயி செவுத்தாண்ட நின்னு ஒட்டுக் கேக்குறாரு?" என்றார் புஷ்பவல்லி. முதுகு என் பக்கம் இருந்தது. உதட்டைப் பார்க்காமலே கேட்டது.

"ஒட்டுக் கேக்கலம்மா. ரொம்ப நாள் கழிச்சி சும்மாவே கேக்குது" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "அப்ப ஜாக்கிரதையாத்தான் பேசணும். எங்க வூட்டுக்காரு பேச்செல்லாம் கலீஜா இருக்கும் பாய், காதுல வாங்கிக்காதீங்க. சாயங்காலம் எல்லாம் வாசல்ல குந்திக்கினு பேசிக்கினு இருப்போம். நீங்களும் வாங்க. தனியா உள்ள குந்திக்கினு இன்னா பண்ணப் போறீங்க?"

டீ கொடுத்தார். என் மனைவி எப்படி இறந்தாள் என்று கேட்டார். சொன்னேன். அவருடைய அக்காவுக்கும் அதே நோய்தான், பிழைத்துக்கொண்டாள் என்றார். அரை மணி நேரம் ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். யாரும் கத்தவில்லை.

பிறகு பொத்தானை டி-க்குத் தள்ளினேன். புஷ்பவல்லியின் வாய் மட்டும் அசைந்தது. காதுக்குள் டிரான்ஸ்ஃபார்மரை விட ஆழமான உறுமல். கொல்லைப்புறம் போய்ப் பார்த்தேன். சீமைக்கருவேலத்துக்கு அப்பால் டவர்கள் வரிசையாகக் கால் அகட்டி நின்றன. மின் நிலையத்திலிருந்து நகரத்துக்கு ஓடும் கம்பிகள். அறையின் நான்கு மூலையிலும் நின்று பார்த்தேன், தலையைக் குப்புறக் கவிழ்த்தும் பார்த்தேன், ஏனென்றால் காயிலின் கோணம் மாறினால் சில சமயம் உறுமல் குறையும். குறையவில்லை.

"மிஷினு இன்னா சொல்லுது பாய்?" என்று தேசப்பன் கையசைத்துக் கேட்டார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் அந்த அரை மணி நேரம்தான் மனசில் ஓடியது.

பதின்மூன்றாவது வீடு திருவொற்றியூரில், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க வரிசை கட்டும் சாலையின் மேல். மாடியில் ஒரே அறை. வீட்டுக்காரர் குணசேகரன் மெதுவாகப் பேசுகிறவர், போதாததற்கு மீசை உதட்டை மறைத்தது. எம்-மில் இன்ஜின், ஹாரன், கண்டெய்னர் பூட்டு அடித்துக்கொள்ளும் ஓசை, இவை தவிர ஒன்றுமே இல்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார்: 'தண்ணி காலை 6 மணி.'

டி-க்குத் தள்ளினேன்.

ஒன்றுமில்லை. காசிமேட்டுக் கல்லில் இருந்த அதே சுத்தம். கீழே நாற்பது டன் லாரி நகர்வது பாதத்தில் அதிர்ந்தது, காதில் எதுவும் இல்லை. மெயின் போர்டு கீழ்த்தளத்தில் தூரமாக இருந்தது. வயர்கள் ஒட்டி ஓடின. ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனின் மைக்கை வாயருகே நான்கு விரல் தூரத்தில் பிடித்தால் லாரியை விட என் குரல்தான் அதற்குப் பெரிது. நவ்ரீனுக்கும் கேட்கும்.

இந்த வீடு போதும் என்றேன்.

தேசப்பன் என்னை மாடிப்படிக்குத் தள்ளிக்கொண்டு போய் என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்தார்.

"பாய், இன்னா பேஜாரு இது? அந்தம்மா அப்படி பேசுச்சு. அங்க நாலு மனுசன் கீறான். இங்க யாரு வந்து கதவத் தட்னாலும் உனக்குத் தெரியாது. வாரத்துல ஒரு போனு. அதுக்காவ ஆறு நாளு ஊமக் கோட்டான் மாரி குந்திக்கினு இருப்பியா?"

"இருப்பேன்" என்றேன்.

அவர் கீழே போய்க் குணசேகரனிடம் பேசினார்.

செவ்வாய்க்கிழமை குடிவந்தேன். புதன், வியாழன் இரண்டு நாளும் யாருடனும் பேசவில்லை. கடைக்காரர் ஏதோ கேட்டார், பாலைக் காட்டினேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடித்து வந்து, ஜன்னலைச் சாத்தி, மாலையைப் போட்டு, டி-யில் வைத்து உட்கார்ந்தேன். இரண்டே முக்காலுக்குப் போனில் நவ்ரீன் முகம் வந்தது.

"அத்தா! சாப்ட்டீங்களா!"

காதுக்குள் இடி விழுந்தது போலிருந்தது. "கத்தாதம்மா. கேக்குது."

"மாத்திர! மாத்திர போட்டீங்களா!"

"நவ்ரீன், கேக்குதுன்னேன்."

அவள் என் பதிலைக் கவனிக்கவே இல்லை. பழக்கம். மடியில் இருந்த பேத்தியிடம் திரும்பிச் சின்னக் குரலில் சொன்னாள்: "ரூஹி, நன்னாவுக்குக் கேக்காதுடா, சும்மா கையை மட்டும் ஆட்டு."

"ரூஹி, நன்னாவுக்கு நல்லா கேக்குது. பேரு சொல்லு பாப்போம்" என்றேன்.

நவ்ரீனின் முகம் அப்படியே நின்றது. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன். இல்லை, குழந்தையின் கை ஆடிக்கொண்டிருந்தது.

"நெசமாவா அத்தா? இப்ப நான் மெதுவா சொன்னதா?"

"அதுதான்."

மாலையைக் காட்டினேன். காயில், காந்தம், டவர், லாரி எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான்கு வருஷமாக எங்களுக்கு மூன்று கேள்விதான். அது முடிந்துவிட்டது.

"அப்ப... இன்னா பேசறது அத்தா?" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. அந்த மௌனத்தில் அவளுடைய வீடு கேட்டது. ஏசி ஓடியது. அதற்குப் பின்னால் 'டக்... டக்... டக்' என்று ஏதோ தட்டியது.

"அது இன்னா சத்தம்?"

"வாஷிங் மிஷினு."

"தண்ணில சுத்தும்போது தட்டுதா, பிழியும்போது தட்டுதா?"

"பிழியும்போது. நீங்களே கேளுங்க." போனைத் தூக்கிக்கொண்டு போய் அதன் மேல் வைத்தாள். கண்ணை மூடிக் கேட்டேன். வேகம் ஏற ஏறத் தட்டு நெருங்கியது. உள்ளே தொட்டியைத் தாங்கும் ஸ்பிரிங்குகளில் ஒன்று தளர்ந்திருக்க வேண்டும். தொட்டி ஒரு பக்கம் சாய்ந்து மிஷினின் உள்சுவரில் இடிக்கிறது.

"சின்ன வேலைதான். மாப்பிள்ளைகிட்டச் சொன்னா ஆள் கூப்ட்டுடுவாரு. எத்தினி நாளா இப்படி?"

"ஒரு வருசமா."

"ஒரு வருசமா? ஏன் சொல்லல?"

போன் இன்னும் மிஷின் மேல்தான் இருந்தது, கூரைதான் தெரிந்தது. குரல் மட்டும் வந்தது.

"அவரு காலைல போனா ராத்திரிதான் வருவாரு. ரூஹி தூங்கிட்டா வூட்ல ஒரு சத்தமும் இருக்காது அத்தா. இது தட்டிக்கினு இருந்தா உள்ள யாரோ வேல செய்யறாப்ல இருக்கும். அதான் சொல்லல."

ஸ்பிரிங்கை எப்படி மாற்றுவது என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்தினேன். தட்டு நிதானமானது, இடைவெளி விட்டது, நின்றது. மிஷினின் மணி மூன்று முறை அடித்தது.

"முடிஞ்சிடுச்சு" என்றாள்.

"வேற அழுக்குத் துணி இல்லியா?" என்றேன்.

சிரித்தாள். கத்தாமல் சிரித்தால் அவளுக்கு இப்படித்தான் இருக்கும் என்பதே எனக்கு மறந்திருந்தது.

"இருங்க அத்தா, வெக்காதீங்க. தேடிப் பாக்கறேன்" என்று அவள் உள்ளே போனாள். கூரையைப் பார்த்தபடி வைக்காமல் இருந்தேன்.