அண்ணன் கேட்ட ஒரு நிமிடம்

கண்ணாடிக் கடைக்காரரின் மகன் தன் அம்மாவிடம் "ஒரு நிமிஷம்" என்றான். அந்த நிமிடம் இன்றுவரை முடியவில்லை. அப்போது அவனுக்குப் பதினான்கு வயது. சோபாவில் சரிந்து கிடந்தபடி கைபேசியில் யாரையோ சுட்டுக்கொண்டிருந்தான். அம்மா தட்டோடு எதிரே நின்று, பிசைந்த சோற்றை அவன் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தாள். இவ்வளவு பெரிய தடியனுக்கு ஊட்டுவதா என்று கேட்க அந்த வீட்டில் ஆளில்லை. இரண்டு வயதில் அவன் வாயைத் திறக்க வைக்கக் கைபேசியைக் காட்டிப் பழக்கியவளே அவள்தான். அதை ஒரு சாமர்த்தியமாக நினைத்து அக்கம்பக்கத்துத் தாய்மாருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள். கூடத்துக் கடிகாரம் நின்றது. சோற்றின் ஆவி அந்தரத்தில் நின்றது. அந்தக் கூடத்தில் கைபேசி ஒன்றுக்குத்தான் காலம் ஓடியது.

சார்ஜ் தீர்ந்திருந்தால் நிமிடமும் தீர்ந்திருக்கும். ஆனால் பையன் கோபித்துக்கொள்வானே என்று அப்பா அன்றே நீளமான ஒயர் வாங்கிவந்து சுவரில் செருகிவிட்டார். ஊர்ப் பிள்ளைகளின் கெட்டுப்போன கண்களுக்குக் கண்ணாடி விற்று, பெற்றவர்களுக்கு இலவசமாக உபதேசமும் செய்து அனுப்புகிற மனிதர் அவர். எட்டு வயதுத் தங்கை ஒருமுறை அந்த ஒயரைப் பிடுங்கப் போனாள். "ஆட்டத்துல இருக்கான், கண்ணு தெரியல?" என்று அம்மா தட்டைக் கீழே வைக்காமலேயே அவளை அறைந்தாள். பள்ளியிலிருந்து வந்த ஆலோசகர், "அதட்டாதீங்க, அன்பா பேசுங்க" என்றார். பேசும்போது அவர் கண் தன் கைபேசியில்தான் இருந்தது. அந்தக் கூடத்தில் எதுவும் கெடுவதில்லை என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டார் கூச்சமே இல்லாமல் பாலையும் கீரையையும் கொண்டுவந்து வைத்தார்கள். அவனோடு விளையாடியவர்கள் வளர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்றார்கள். அந்தப் பிள்ளைகள் வந்து அவனோடு விளையாடினார்கள். அவர்களிடமும் தோற்றான்.

தங்கை தானே சமைத்து, தானே தலைவாரி, தானே வளர்ந்து நர்ஸ் ஆனாள். கல்யாணத்துக்கு அம்மாவைக் கூப்பிட வந்தாள். "இவன் சாப்பிடட்டும், வந்துடுறேன்." பிரசவத்துக்குக் கூப்பிட்டாள். அதே பதில். அப்பா செத்த செய்தியோடு வந்தபோது அம்மாவின் கண் கலங்கியது, ஆனால் நீட்டிய கை இறங்கவில்லை. தெருக்காரர்கள் சிலர் வாசல் வழியே அண்ணனைக் காட்டி, உன் தம்பியா என்று அவளிடம் கேட்டார்கள். பிறகு, உன் மகனா என்றார்கள். அவன் என்ன ஆனால் என்ன என்ற நிலைக்கு அவள் எப்போதோ வந்துவிட்டாள். அம்மா மட்டும் வேண்டும். அந்த ஆசையும் அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

அம்மாவைவிட மகளுக்கு வயது கூடிப்போன பிறகு, ஒரு மத்தியானம் வேலை முடிந்து நேராக அங்கே வந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"அம்மா, பசிக்குது."

"நகருடி, மறைக்காதே. அவனுக்கு ஊட்டணும்."

மகள் நகரவில்லை. குனிந்து, அம்மாவின் விரல்களிலிருந்த கவளத்தை வாயில் வாங்கிக்கொண்டாள். அதற்குமுன் அந்தக் கையிலிருந்து சாப்பிட்டதாக அவளுக்கு நினைவே இல்லை. சோறு சூடாக இருந்தது, உப்பு கொஞ்சம் குறைவு. அம்மா திகைத்தாள். ஆனால் பழகிய கை, தானாகவே அடுத்த கவளத்தை உருட்டியது. மகள் அதையும் சாப்பிட்டாள். அழுதுகொண்டே, அடுத்ததை, அதற்கடுத்ததை, தட்டு காலியாகும்வரை சாப்பிட்டாள். கையில் ஒன்றும் இல்லாமல் போனதும் அம்மாவுக்கு அங்கே வேலை இருக்கவில்லை. முதன்முறையாக மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன்டி, இப்படி நரைச்சுப் போச்சு?"

"வாம்மா, வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

இருவரும் படியிறங்கிக்கொண்டிருந்தபோது, மகன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே வாயைத் திறந்தான். இன்னும் திறந்தபடிதான் இருக்கிறான்.