தெருப் பக்கம் பார்த்த வீடு

நாற்பது கடிதங்களை வாசித்து முடித்திருந்தேன். தொண்டை வறண்டுவிட்டது. மேசையில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். வேண்டுமென்றே அதைக் கடைசியில் வைத்திருந்தேன்.

நடுத்தெருவில் இருபது வருடமாகப் பூட்டிக் கிடக்கும் பழைய பங்களாவைச் செப்பனிட்டு, வீடில்லாதவர்களுக்குப் பதினெட்டுக் குடியிருப்புகளாகப் பிரித்துக் கொடுக்கலாமா என்று நகராட்சி தெருக்காரர்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. வந்த கடிதங்களைக் கூட்டத்தில் வாசிப்பது எழுத்தரான என் வேலை. இடித்துத் தள்ளுங்கள் என்று சிலர். ஒரு டீச்சர் அதன் தேக்குப் படிக்கட்டைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். தையல்காரருக்குக் கவலையெல்லாம் அங்கிருந்து வரும் பாம்புகள்தான்.

கடைசிக் கடிதம் டாக்டருடையது. பங்களா அவருடைய தாத்தா கட்டியது. வழக்கில் அவர் தோற்றதும் அது நகராட்சி கைக்குப் போய்விட்டது. அவர் நேர் எதிரே புது வீடு கட்டிக்கொண்டார். குடியிருப்பு கூடாது, தாத்தா பேரில் நூலகம்தான் வேண்டும் என்று வீடு வீடாகப் படியேறி ஆள் சேர்த்திருந்தார். முன்வரிசையில் அவரும், பக்கத்தில் தையல்காரரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பங்களாவின் பின்கட்டில்தான் ஒரு காலத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. டாக்டர் காலி செய்யச் சொன்னார். அம்மாவுக்கு ஆறாம் மாசம், பிரசவம் ஆகட்டும் என்று அப்பா கெஞ்சினார். மறுநாள் காலை, டாக்டரே கூட நின்று ஆளை வைத்து எங்கள் குழாயை அடைத்ததை நான் பார்த்தேன். மூன்று வாரம் அம்மா தெருமுனையிலிருந்து குடம் சுமந்தாள். பிறகு ஒரு மத்தியானம் வாசற்படியிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தம்பி உயிரோடு பிறக்கவில்லை. அவர் டாக்டர். தெரியாமல் செய்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

நேரமாகிறது, இதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடும்படி நகராட்சித் தலைவர் கேட்டார்.

"முழுசா வாசிக்கணும்னுதான் விதி, சார். மத்ததெல்லாம் அப்படித்தானே வாசிச்சேன்" என்றேன்.

மற்ற நாற்பதையும் வரி விடாமல் வாசித்ததே இதற்காகத்தான். உறையின் மேல் 'தலைவருக்குத் தனிப்பட்ட முறையில்' என்று எழுதியிருந்தார். ஆனால் போட்டதென்னவோ கருத்துப் பெட்டியில். பெட்டியில் விழுந்ததெல்லாம் பொதுவுக்குத்தான்.

நிதானமாக வாசித்தேன். பதினெட்டுக் குடும்பங்கள் வந்தால் தெருவுக்குத் தண்ணீர் எப்படிப் போதும் என்று கேட்டிருந்தார். அடுத்த வரிக்கு வந்தேன்.

"இத்தெருவில் பெரும்பாலோர் எங்கிருந்தோ வாடகைக்கு வந்து ஒட்டிக்கொண்டவர்கள். அவர்களது கருத்தைப் பொருட்படுத்தத் தேவையில்லை."

தையல்காரர் எழுந்து தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனார். கை தூக்கச் சொன்னபோது நூலகத்துக்கு எழுந்தவை மூன்றே கைகள்.

கூட்டம் கலைந்ததும் டாக்டர் என்னிடம் வந்தார்.

"கொஞ்சம் பாத்து வாசிச்சிருக்கலாமேம்மா."

"பின்கட்டுல இருந்த எலக்ட்ரீஷியன் பொண்ணு நான். நீங்க தண்ணியை நிறுத்தினீங்க. எங்கம்மா அப்ப ஆறு மாசம்."

அவர் உண்மையாகவே யோசித்தார். நெற்றியைக்கூடச் சுருக்கினார். "பின்கட்டுல எத்தனையோ பேர் இருந்தாங்களேம்மா. ஞாபகமே இல்லையே."

பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிந்தது. வீடு வரும்வரை, ஜெயித்தது நான்தானா என்று என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஞாபகம் இல்லைன்னாரா?"

"ஆமாம்மா."

நகராட்சியில் வீடு கேட்டுக் காத்திருப்போர் பட்டியலில் பதினோரு வருடமாக அம்மாவின் பெயர் இருந்தது. இன்னும் இரண்டு மூன்று துணிகளை மடித்து அடுக்கினாள். பிறகு, "எனக்கு முறை வந்தா, தெருப் பக்கம் பாத்த வீடா கேளு" என்றாள்.

முறை வர இரண்டு வருடம் ஆயிற்று. பங்களாவின் கீழ்த்தளம், தெருவைப் பார்த்த அறை. டாக்டர் தினமும் காலையில் தன் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அம்மா ஜன்னலின் இரண்டு கதவுகளையும் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். நாலாம் நாள் அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் வெளியே வரவேயில்லை.

இன்று காலை எதிர்வீட்டு மாடித் திரை ஒரு விரல் அளவுக்கு விலகியது. அம்மா கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் பொறுமையாகத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள்.